உத்திரமேரூர் குடமும் வெள்ளை மாளிகையும்

போன பதிவு ஜி.எஸ்.டி. பற்றி. அதைப் படித்துவிட்டு என் வகுப்பு நண்பன் ஒருவன், "மச்சி, காலேஜ்லதான் கொல்றாங்கன்னா நீயுமா?" என்று கேட்டான். அதனால் இந்த முறை கொஞ்சம் தள்ளிப் போய் அமெரிக்காவைத் தொட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதி முடித்துப் பார்த்தால் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே வந்து நிற்கிறது. என்ன செய்ய, அவனவனுக்கு அவனவன் ஊர். :)

2024 நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் முடிவு வந்த அன்றைக்கு எங்கள் கல்லூரி வாசல் டீக்கடையில் ஒரே சண்டை. திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் கமலா ஹாரிஸுக்காகப் பூஜை போட்டதை எல்லா டி.வி.யும் காட்டியிருந்தது. டிரம்ப் 312, ஹாரிஸ் 226 என்று ஓடியது. "அது என்னடா 312? கோடிக்கணக்கான பேர் ஓட்டுப் போட்டாங்க, முந்நூறு ஓட்டுதான் கணக்கா?" என்று ஒருவன் கேட்டான். யாருக்கும் ஒழுங்காகப் பதில் தெரியவில்லை. எனக்கும்தான். வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன்.

படிக்கும்போது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். அமெரிக்க ஜனாதிபதி ஆக வேண்டுமென்றால் குறைந்தது 35 வயது ஆகியிருக்க வேண்டும். 35... இந்த எண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறேனே!

எங்கே என்று உத்திரமேரூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில்!

முதலில் ஊரைப் பற்றி

தெரியாதவர்களுக்காக: உத்திரமேரூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், சென்னையிலிருந்து சுமார் 90. எங்கள் கிராமம் அதற்குப் பக்கத்தில். டவுனுக்குப் போகிறோம் என்று நாங்கள் சொன்னால் அது உத்திரமேரூர்தான்.

இந்த ஊர் பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், 8ஆம் நூற்றாண்டில், பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட ஊர். உத்தரமேரு சதுர்வேதிமங்கலம் என்று பெயர். அதை நடத்தியது 'சபை'. பல்லவர் காலம் தொடங்கிப் பல நூற்றாண்டுக் கல்வெட்டுகள் இந்த ஊர்க் கோயில்களில் இருக்கின்றன. ஏரிக்குப் பெயர் வைரமேக தடாகம். அதைத் தூர் வாரக் கொடுத்த கொடைகள் பற்றியும் கல்வெட்டு இருக்கிறது.

ஆனால் ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது முதலாம் பராந்தக சோழனின் இரண்டு கல்வெட்டுகள். ஒன்று அவனுடைய 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919 வாக்கில். இன்னொன்று 14ஆம் ஆட்சியாண்டில், 921 வாக்கில். சபையின் வாரியங்களுக்கு (இன்றைக்கு கமிட்டி என்கிறோமே, அது) ஆட்களை எப்படி எடுப்பது என்று விதி சொல்லும் கல்வெட்டுகள். 1898ல் தொல்லியல் துறைக்காரர்கள் படியெடுத்தார்கள். வெங்கையா அதை விரிவாக எழுதினார். பிறகு கே.ஏ.நீலகண்ட சாஸ்திரி இந்த ஊரைப் பற்றித் தனியாகவே ஆராய்ந்து எழுதினார். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமர் பேச்சிலும் எங்கள் ஊர்ப் பெயர் வந்தது. அன்றைக்கு எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம்.

குடத்தில் என்ன நடந்தது?

பள்ளிக்கூடத்தில் "குடவோலை முறை - சிறுகுறிப்பு வரைக" என்று 5 மார்க்குக்கு எழுதியிருப்போம். நானும் எழுதினேன், மார்க்கும் வாங்கினேன், ஒன்றும் புரியவில்லை. இப்போது நிதானமாகப் படித்தால்தான் அதன் ருசி தெரிகிறது.

ஊரை 30 குடும்புகளாகப் பிரிக்கிறார்கள். குடும்பு என்றால் வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதுகிறார்கள். அந்த ஓலைகளை ஒரு கட்டாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று மேலே ஓர் ஓலை வைத்து, குடத்துக்குள் போடுகிறார்கள். சபை முழுதும், சின்னவர் பெரியவர் எல்லோரும், கூடியிருக்க வேண்டும். அன்றைக்கு ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் மண்டபத்தில் உட்கார வேண்டும். அவர்களில் வயதில் மூத்தவர் எழுந்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி குடத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு ஒரு கட்டை எடுக்கச் சொல்கிறார்கள். அந்தக் கட்டைப் பிரித்து வேறொரு காலிக் குடத்தில் போட்டுக் குலுக்குகிறார்கள். அதிலிருந்து பையன் ஓர் ஓலையை எடுக்கிறான். அதை வாங்குபவர் மத்தியஸ்தர். எப்படி வாங்க வேண்டும் தெரியுமா? ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கை தெரிகிற மாதிரி! கைக்குள் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாதாம். அவர் பெயரை வாசிக்க வேண்டும். பிறகு அதே ஓலையை மண்டபத்தில் இருக்கும் நம்பிமார் எல்லோரும் வாசிக்க வேண்டும். அப்புறம்தான் அந்தப் பெயர் செல்லும்.

1100 வருஷத்துக்கு முன்னால் 'கை சுத்தம்' என்பதை இவ்வளவு நேரடியாகச் சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இப்படி 30 பேர். இவர்களில் வயதிலும் படிப்பிலும் மூத்த, முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்த 12 பேர் சம்வத்சர வாரியம் (ஆண்டு வாரியம்). மீதியில் 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் தனியாகக் குலுக்கல். பதவிக்காலம் 360 நாள். முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். இடையில் தப்பு செய்தால் அப்போதே நீக்கம்.

இது எங்கள் ஊரில்தான் முதலில் பிறந்தது என்று சொல்ல முடியாது. குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கத்தை அகநானூற்றுப் பாட்டு ஒன்றே உவமையாகச் சொல்கிறது. திருநெல்வேலிப் பக்கம் மானூரில் கி.பி. 800 வாக்கிலேயே சபை உறுப்பினர்களுக்குத் தகுதி விதித்த பாண்டியர் கல்வெட்டு இருக்கிறது. ஆனால் இவ்வளவு விவரமாக எழுதி வைத்தது உத்திரமேரூர்தான்.

யார் பெயர் குடத்துக்குள் போகும்?

இங்கேதான் அந்த 35 வருகிறது. 921 கல்வெட்டின்படி வயது 35க்கு மேல், 70க்குள். (919ல் 30 முதல் 60 வரை.) வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக இருக்க வேண்டும். இன்றைய கணக்கில் ஒரு வேலி சுமார் 6.6 ஏக்கர் என்றால், கால் வேலி ஒன்றரை ஏக்கருக்குச் சற்று அதிகம். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். அதிகமாகப் படித்தவருக்கு அரைக்கால் வேலியே போதும். நேர்மையாகச் சம்பாதித்திருக்க வேண்டும். கடந்த 3 ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது.

அமெரிக்காவில் பிரதிநிதிகள் சபைக்கு 25 வயது, செனட்டுக்கு 30, ஜனாதிபதிக்கு 35. அங்கே மேல் வரம்பு கிடையாது. இங்கே 70க்கு மேல் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள். மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்ட் 1959 முதல் 2010 வரை, 51 வருஷம், தன் 92ஆவது வயதில் சாகிற வரைக்கும் செனட்டராக இருந்தார். உத்திரமேரூர் சபையாக இருந்தால் 360ஆம் நாள் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்திருக்க வேண்டியதுதான்.

ஜனாதிபதிக்கு இரண்டு முறை என்ற எழுதப்பட்ட வரம்பும் அங்கே ஆரம்பத்தில் இல்லை. வாஷிங்டன் இரண்டு முறையோடு நிறுத்திக்கொண்டதால் அது மரபாக இருந்தது. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1932, 1936, 1940, 1944 என்று நான்கு முறை ஜெயித்த பிறகுதான் பயந்துபோய் 1951ல் 22ஆவது திருத்தம் கொண்டுவந்தார்கள்.

குலுக்கலா, ஓட்டா?

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குடவோலையை "ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள்" என்று பலரும் எழுதுகிறார்கள். அது ஓட்டு இல்லை, குலுக்கல். யாருக்கு ஆதரவு அதிகம் என்ற கேள்வியே இல்லை. தகுதியுள்ள எல்லோருக்கும் சம வாய்ப்பு, மீதி பையனின் கை.

இது விளையாட்டு இல்லை. பழைய ஏதென்ஸில் 500 பேர் கொண்ட கவுன்சிலைக் குலுக்கலில்தான் எடுத்தார்கள். வெனிஸ் நகரத்தில் 1268 முதல் தலைவரைத் தேர்ந்தெடுத்த முறையில் குலுக்கலும் ஓட்டும் மாறி மாறி வரும். அங்கேயும் உருண்டையை எடுப்பது ஒரு சின்னப் பையன்தான்! குழந்தைக்குச் சார்பு இல்லை என்ற நம்பிக்கை கடல் தாண்டியும் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

அமெரிக்கர்கள் ஓட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் நேராக இல்லை. 1787ல் பிலடெல்பியாவில் கூடி அரசமைப்பை எழுதியவர்களுக்கு மன்னன் மேலும் பயம், மக்கள் கூட்டத்தின் மேலும் பயம். அதனால் அதிகாரத்தை மூன்றாகப் பிரித்தார்கள். சட்டம் போட காங்கிரஸ் (435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபை, மாநிலத்துக்கு 2 என்று 100 பேர் கொண்ட செனட்), நடத்த ஜனாதிபதி, தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம். ஒருவர் கையை இன்னொருவர் பிடிக்கலாம். ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காமல் மாநிலவாரியாக வாக்காளர் குழு தேர்ந்தெடுக்கும். இன்றைக்கு அந்தக் குழுவில் 538 பேர். 270 வந்தால் ஜெயிப்பு. டீக்கடைச் சண்டைக்கு இதுதான் பதில் மச்சி! பெரும்பாலான மாநிலங்களில் ஒரு ஓட்டு அதிகமாக வாங்கினாலும் அந்த மாநிலத்தின் மொத்தக் கணக்கும் ஜெயித்தவருக்கே. அதனால்தான் 2016ல் ஹிலாரி கிளின்டன் சுமார் 28 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியும் தோற்றார்.

ஒரு சுவாரசியம். 2017ல் வர்ஜீனியா மாநிலச் சட்டசபைத் தேர்தலில் 94ஆவது தொகுதியில் இருவருக்கும் சரியாக 11,608 ஓட்டு. என்ன செய்தார்கள் தெரியுமா? 2018 ஜனவரி 4ஆம் தேதி இரண்டு பெயரையும் சீட்டில் எழுதி, பழைய ஃபிலிம் டப்பாவில் போட்டு, ஒரு மண்பாண்டக் கிண்ணத்தில் வைத்து எடுத்தார்கள்! டேவிட் யான்சி பெயர் வந்தது. அந்த ஒரு சீட்டில் குடியரசுக் கட்சிக்கு 51-49 என்று சபையே கிடைத்தது. குடம் கிண்ணம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். நம் நாட்டிலும் சம ஓட்டு வந்தால் குலுக்கல்தான் சட்டம்.

ரெண்டே வருஷத்தில் திருத்தம்

எனக்கு இந்தக் கல்வெட்டுகளில் பிடித்தது, அவை இரண்டாக இருப்பது. 919ல் ஒரு விதி போட்டார்கள். ரெண்டே வருஷத்தில் வயதை மாற்றி, தகுதியின்மைப் பட்டியலை நீட்டி, குடம் தூக்குவது முதல் விரல் விரிப்பது வரை விளக்கி மறுபடியும் வெட்டினார்கள். ஏன் என்று கல்வெட்டு நீட்டி முழக்கவில்லை. ஆனால் "உள்ளங்கையை விரி" என்று ஒரு சட்டம் சொன்னால், அதற்கு முன் யாரோ ஒருவர் மூடியிருக்கிறார் என்றுதானே நமக்குத் தோன்றும்!

அமெரிக்க அரசமைப்பில் இதுவரை 27 திருத்தங்கள்தான். அந்த 27ஆவது இருக்கிறதே, அது 1789ல் முன்மொழிந்து 1992ல் நிறைவேறியது. 202 வருஷம்! காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்களுக்கே உடனடியாகச் சம்பளம் ஏற்றிக்கொள்ளக் கூடாது என்ற திருத்தம். கிடப்பில் கிடந்த அதை டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கிரிகரி வாட்சன் 1982ல் ஒரு கட்டுரையாக எழுதினார். பேராசிரியர் 'சி' கிரேடு கொடுத்தார். அந்தக் கடுப்பில் மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதியே நிறைவேற வைத்தார். 2017ல் பல்கலைக்கழகம் கிரேடை 'ஏ' என்று மாற்றியது. நம் இன்டர்னல் மார்க்குக்கு இப்படி ஏதாவது வழி இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் சொல்லவும்.

எங்க ஆயா கேட்ட கேள்வி

இதுவரைக்கும் பெருமை. இனிமேல் கொஞ்சம் கஷ்டம்.

போன பொங்கல் லீவில் எங்கள் ஆயாவை அந்தக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காலம் முழுக்க அடுத்தவர் கழனியில் நடவு நட்டவர். நான் கல்வெட்டைக் காட்டி, குடம், ஓலை, பையன் என்று கதையாகச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். கடைசியில்,

"அது சரி கண்ணு, நம்ம ஆளுங்க பேரு அந்தக் குடத்துல இருந்துச்சா?" என்றார்.

இல்லை ஆயா. இருந்திருக்காது.

கால் வேலி நிலம் இல்லை. வேதம் படிக்க விடமாட்டார்கள். பெண்ணின் பெயர் ஓலையில் ஏறவே ஏறாது. இது பிராமணர் ஊரின் சபை. மற்ற உழவர் ஊர்களில் 'ஊர்' என்றும், வணிகர் இடங்களில் 'நகரம்' என்றும் வேறு அமைப்புகள் இருந்தன. அவற்றிலும் நிலம் இல்லாதவருக்கு இடம் இருந்ததாகச் சொல்ல முடியாது. பராந்தகனுக்குச் சில தலைமுறை கழித்து வந்த ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளிலேயே பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்கள் இருக்கின்றன. அந்தச் சேரி ஆட்களும் ஏரித் தண்ணியில்தான் உழைத்தார்கள். ஏரி வாரியத்தில் உட்கார முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்த விதி சபை தானாகப் போட்டதும் இல்லை. மன்னன் ஆணை வருகிறது. முதல் முறை தத்தனூர் மூவேந்தவேளான் என்ற அதிகாரியும், இரண்டாம் முறை சோமாசிப்பெருமான் என்பவரும் கூட இருந்துதான் சபை முடிவு செய்கிறது. மேலிருந்து ஆள் வந்து உட்கார்ந்த பிறகு போட்ட தீர்மானம். இதை நான் குறையாக மட்டும் சொல்லவில்லை. ஆனால் "ஜனநாயகத்தின் தொட்டில்" என்று போர்டு வைக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கா மட்டும் என்ன? "மக்களாகிய நாங்கள்" என்று ஆரம்பித்தவர்கள், அந்த மக்களில் அடிமைகளைச் சேர்க்கவில்லை. இடங்களைப் பங்கு போடும்போது மட்டும் ஓர் அடிமையை ஐந்தில் மூன்று ஆள் என்று எண்ணினார்கள். ஆரம்பத்தில் பல மாநிலங்களில் சொத்து இருந்தால்தான் ஓட்டு. நம் கால் வேலி அங்கேயும் இருந்திருக்கிறது! நிறத்தைக் காட்டி ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்று 1870ல் எழுதினார்கள். அதைத் தென் மாநிலங்களில் உண்மையாக்க 1965ல் வாக்குரிமைச் சட்டம் வர வேண்டியிருந்தது. பெண்களுக்கு நாடு முழுதும் ஓட்டு 1920ல்தான்.

எங்கள் ஆயாவுக்கு 18 வயதிலேயே ஓட்டு கிடைக்கவில்லை, அப்போது 21. ஆனால் நிலம் கேட்காமல், படிப்பு கேட்காமல், சாதி கேட்காமல் கிடைத்தது. 1951-52ல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலிருந்தே இந்தியாவில் அப்படித்தான். அமெரிக்காவில் கறுப்பினத்தவர் நிலையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் உறைத்தது. குடத்தைவிட நாம் பெருமைப்பட வேண்டியது இது என்று நினைக்கிறேன்.

கணக்கு விஷயம்

நான் பி.காம். என்பதால் கல்வெட்டில் என் கண் போன இடம் வேறு. தகுதியின்மைப் பட்டியலில் முதலில் வருவது கொலையோ திருட்டோ இல்லை. வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன்!

அவன் மட்டும் இல்லை. அவன் சித்தி பெரியம்மா மகன்கள், அத்தை மாமன் மகன்கள், தாயோடு பிறந்தவன், தகப்பனோடு பிறந்தவன், கூடப் பிறந்தவன், மாமனார், மைத்துனன், சகோதரியின் கணவன், சகோதரியின் மகன்கள், மருமகன், தகப்பன், மகன்... இத்தனை பேர் பெயரும் குடத்தில் போடக் கூடாது. பிறகுதான் மகாபாதகம் செய்தவர், அடுத்தவர் பொருளைத் திருடியவர், பொய் ஆவணம் எழுதியவர், ஊருக்கு முள்ளாக இருப்பவர் எல்லாம் வருகிறார்கள். நாங்கள் படிக்கும் 2013 கம்பெனிச் சட்டத்தின் 164ஆவது பிரிவும் இதே ஜாடைதான். 3 வருஷம் தொடர்ந்து கணக்குத் தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர் 5 வருஷம் எங்கேயும் இயக்குநராக முடியாது. 2017ல் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதில் மாட்டினார்கள். ஆனால் சொந்தக்காரர்களைப் பிடிப்பதில்லை!

அமெரிக்க அரசமைப்பின் முதல் பிரிவிலும் ஒரு வரி உண்டு. பொதுப் பணத்தின் வரவு செலவுக் கணக்கை அவ்வப்போது வெளியிட வேண்டும். சொந்தக்காரர்களை வேலையில் வைக்கக் கூடாது என்ற சட்டம் 1967ல்தான் வந்தது, கென்னடி தன் தம்பியையே அட்டர்னி ஜெனரல் ஆக்கி ஆறு வருஷம் கழித்து.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

ஏனென்றால் போன வருஷம் ஆடி மாதம் எங்கள் தெருவில் அம்மனுக்குக் கூழ் வார்த்தபோது, "பி.காம். படிக்கிற பையன்" என்று என்னைக் கணக்கு எழுத உட்கார வைத்தார்கள். வசூல் பொறுப்பு என் மாமா, அம்மாவின் தம்பி. மேளத்துக்கும் சீரியல் லைட்டுக்கும் ரசீது இல்லை. மொத்தத்தில் மூவாயிரத்துச் சொச்சம் இடித்தது. "விடுடா, பூவுக்குன்னு எழுதிக்க. தெருவுல வாசிக்கறதெல்லாம் வேணாம்" என்றார் மாமா. நான் அப்படியே எழுதினேன். வாசிக்கவில்லை. மாமா எடுத்துக்கொண்டார் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதினேன், அதுதான் தப்பு.

921 விதிப்படி மாமா கணக்குக் காட்டாத வாரியத்தார். நான் சகோதரியின் மகன். என் பெயர் குடத்துக்குள் போகாது! போதாக்குறைக்கு இன்னொரு விதி: கணக்கு எழுதியவன் தானே வந்து கணக்குக் காட்ட வேண்டும், வேறு ஆள் புகுந்து முடித்து வைக்கக் கூடாது. ஆயிரம் வருஷம் தாண்டி என் சட்டையைப் பிடித்த மாதிரி இருந்தது.

இந்த ஆடியில் ஒரு சார்ட் வாங்கி, போன வருஷக் கணக்கை இருந்தபடியே எழுதி, "ரசீது இல்லாதது" என்று ஒரு வரி போட்டு, அம்மன் கோயில் சுவரில் ஒட்டினேன். மாமா பதினைந்து நாள் பேசவில்லை. அம்மா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே திட்டினார். அப்புறம் மாமாவே லைட்டுக்காரரிடம் போய் ஒரு பில் வாங்கி வந்து கொடுத்தார். மேளத்துக்கு இன்னும் வரவில்லை. அந்த வரி அப்படியே இருக்கிறது.

கடைசியாக

வருஷா வருஷம் வாரியத்தார் மாறிய இதே மண்ணில், 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்த பிறகு தேர்தல் நடக்காமலே கிடந்தது. தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது, வழக்கு, மாவட்டப் பிரிப்பு என்று இழுத்து, காஞ்சிபுரம் மாவட்ட ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபர் 6லும் 9லும்தான் ஓட்டுப் பதிவு. உத்திரமேரூர் பேரூராட்சிக்கு 2022 பிப்ரவரி 19. இடைப்பட்ட ஐந்து வருஷம் தனி அலுவலர்கள். அந்த நாட்களில் கோயிலுக்கு வந்த சுற்றுலாப் பயணிகளுக்குக் கல்வெட்டைக் காட்டிக்கொண்டுதான் இருந்தோம்!

2021ல் எங்கள் தெருவிலிருந்து ஒரு சித்தி வார்டு மெம்பர் ஆனார். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம். ஆயா கையெழுத்துப் போடத் தெரியாமல் ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்தார். கிராமசபை வருஷத்துக்கு 6 முறை கூட வேண்டும். வரவு செலவை அங்கே வைக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். 35 வயது ஆகியிருக்க வேண்டாம், கால் வேலியும் வேண்டாம். ஆனால் நம்மில் எத்தனை பேர் போகிறோம்? நானே ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன், அதுவும் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த முறை ஆயாவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். வரவு செலவை அவர்கள் வாசித்தால் நான் ஆயாவுக்கு விளக்கிச் சொல்வேன். கேள்வி ஆயாவே கேட்டுவிடுவார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பி.கு. 1: கல்வெட்டில் கழுதை மேல் ஏறியவருக்கும் வாரியத்தில் இடம் இல்லை என்று இருக்கிறது. ஓட்டை பைக் ஓட்டுபவர்கள் கவலைப்பட வேண்டாம்.

பி.கு. 2: உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். வந்தால் சொல்லுங்கள், டீ என் செலவு. ரசீதோடு. :)